சிகாகோ டவுன்டவுன் வாக்கிங் டூர்: வயசான அப்பா அம்மாவோடு போகலாமா?

வெயில்தேடி (கேள்வி)

வணக்கம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து மூன்று வாரம் ஆகிறது. நாங்கள் இருப்பது சிகாகோவின் புறநகரான நேப்பர்வில் பக்கம். அப்பாவுக்கு 71 வயது, பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாக்கிங் போகும்போது ஒரு சின்னக் கல்வெர்ட்டை (சாலைக்கு அடியில் தண்ணீர் போகிற சிறு பாலம்) பார்த்தால்கூட நின்று, குனிந்து, அடியில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அம்மாவுக்கு முட்டி வலி. நடப்பார், ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை உட்கார வேண்டும்.

போன தடவை வந்தபோது டவுன்டவுனில் பழைய கட்டிடங்களைச் சுற்றிக் காட்டும் ஒரு டூருக்கு நான்தான் ஆசைப்பட்டுக் கூட்டிப் போனேன். முப்பது பேர் கூட்டம், முன்னால் ஒரு பையன் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே பேசுகிறான், பின்னால் வருகிறவர்களுக்குப் பாதி கேட்கவில்லை, கேட்ட பாதியும் அந்த உச்சரிப்பில் அப்பாவுக்குப் புரியவில்லை. ஒரு கட்டிடத்தின் அடித்தளத்தைப் பார்க்க அப்பா நின்றுவிட்டார், கூட்டம் சிக்னலைத் தாண்டிப் போய்விட்டது, அவரைத் தேடிக் கண்டுபிடிக்க இருபது நிமிஷம். அம்மா அழுதே விட்டார். அப்பா மட்டும் அமைதியாக ஒன்று சொன்னார்: "அந்தப் பையன் கட்டிடத்தோட பேரைச் சொன்னான், வருஷத்தைச் சொன்னான். அது எப்படி நிக்குதுன்னு சொல்லவே இல்லையே."

இந்தத் தடவையும் போகலாம் என்று அவரே கேட்கிறார். வழிகாட்டியோடு போவதா, நாமே சுற்றுவதா? விவேகானந்தர் பேசிய இடத்தையும் பார்க்கணுமாம், அது இந்த டூர்களில் வருமா? அம்மாவை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்கலாம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சப்பை

என் ஓட்டு படகுக்குத்தான். ஆற்றில் ஒன்றரை மணி நேரக் கட்டிடக்கலை டூர் இருக்கிறது, உட்கார்ந்தபடியே பார்க்கலாம், முட்டிக்கும் நல்லது. மைக்கில் பேசுவதால் கேட்கும். பாலங்கள் வேறு தலைக்கு மேலேயே வரும், பெரும்பாலும் நடுவில் பிளந்து மேலே தூக்குகிற வகை. 1871-ல் ஒரு பசுமாடு விளக்கை உதைத்து ஊரே எரிந்துபோனது, அதற்கப்புறம் கட்டியதுதான் இதெல்லாம் என்று அந்தக் கதையில்தான் ஆரம்பிப்பார்கள். நாங்கள் இரண்டு தடவை போயிருக்கிறோம். தொப்பி, ஜெர்கின் மறக்காதீர்கள், ஆற்றுக் காற்று செப்டம்பரிலேயே காதைப் பிடுங்கும்.

ஆறாம்மாடி

நான் பதினாலு வருஷமாக டவுன்டவுனில் வேலை பார்க்கிறவன், ஊரிலிருந்து யார் வந்தாலும் என் தலையில்தான் விழும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பா கேட்ட கேள்வி இருக்கிறதே, 'எப்படி நிக்குது', அதுதான் இந்த ஊரின் கதையே. ஏரிக்கரை ஊர், அடியில் முழுக்கக் களிமண், பாறை வெகு ஆழத்தில். அந்தச் சேற்றின் மேல் உலகத்திலேயே முதன்முதலாக வானளாவிய கட்டிடங்களைக் கட்டப் புறப்பட்டார்கள். அதற்கும் முன்னால் நடந்ததைக் கேட்டால் அப்பா இன்னும் ரசிப்பார். 1850களில் தெருவெல்லாம் சேறு, சாக்கடை ஓட வாட்டம் இல்லை. பள்ளம் தோண்டினால் தண்ணீர் வரும், அதனால் சாக்கடைக் குழாயைத் தரைக்கு மேலே போட்டு, அதன் மேல் மண் கொட்டித் தெருவை உயர்த்திவிட்டார்கள். அப்படியானால் ஏற்கனவே நிற்கிற கட்டிடங்கள்? அவற்றையும் தூக்கினார்கள், ஸ்குரூ ஜாக்கி வைத்து. 1860-ல் லேக் ஸ்ட்ரீட்டில் ஒரு வரிசைக் கட்டிடங்களை மொத்தமாக, 6000 ஜாக்கிகள், 600 ஆட்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மேலே ஏற்றியிருக்கிறார்கள். உள்ளே கடைகளில் வியாபாரம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்ததாம்.

சரி, டூர் விஷயத்துக்கு வருகிறேன். வழிகாட்டி வேண்டும் என்பதுதான் என் கட்சி, ஆனால் நீங்கள் போன மாதிரி கும்பல் டூர் வேண்டாம். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஈஸ்ட் வாக்கர் டிரைவில் இருக்கும் சிகாகோ ஆர்க்கிடெக்சர் சென்டர் நடத்துகிற நடைகள், டிக்கெட் உண்டு. கூட்டிப் போகிறவர்கள் தன்னார்வலர்கள், மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள், கேள்வி கேட்டால் முகம் மலர்கிற ரகம். இன்னொன்று சிகாகோ கிரீட்டர், இது இலவசம், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், உங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஒரு உள்ளூர்க்காரர் வந்து கூட்டிப் போவார். டிப்ஸும் எதிர்பார்க்க மாட்டார்கள். உங்களுக்கு இரண்டாவதுதான் சரி. பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள்: மெதுவாக நடப்போம், ஒருவருக்கு முட்டி வலி, அப்பா கட்டுமானத் துறைக்காரர், அஸ்திவாரத்தைப் பற்றித்தான் கேட்பார் என்று. ஆளை அதற்கேற்ற மாதிரி பார்ப்பார்கள்.

எதைப் பார்ப்பது? ஐந்து இடத்துக்கு மேல் போடாதீர்கள். டூர் போய் வந்தவர்களிடம் அடுத்த வாரம் கேட்டுப் பாருங்கள், மூன்று கட்டிடம்தான் நினைவிருக்கும்.

என் முதல் கட்டிடம் ரூக்கரி, லசால் தெருவும் ஆடம்ஸ் தெருவும் சேருகிற முனை. 1888, பர்ன்ஹாம், ரூட் என்ற இரண்டு கட்டிடக் கலைஞர்களின் நிறுவனம் கட்டியது. வெளியே கனமான செங்கல்லும் கல்லுமாகக் கோட்டை மாதிரி இருக்கும், உள்ளே போனால் கண்ணாடிக் கூரை, வெளிச்சம் கொட்டும். நம் ஊர் முற்றத்தை யாரோ பதினோரு மாடிக்கு நடுவில் வைத்த மாதிரி. 1905-ல் ஃபிராங்க் லாய்ட் ரைட் என்ற கட்டிடக் கலைஞர் அந்த லாபியை மாற்றியமைத்து, இரும்புத் தூண்களை வெள்ளைச் சலவைக்கல்லால் மூடினார். அஸ்திவாரம்தான் விசேஷம். முன்பெல்லாம் தூணுக்கு அடியில் கல்லைப் பிரமிடு மாதிரி அகலமாக அடுக்குவார்கள், அதுவே அடித்தளத்தை அடைத்துக்கொள்ளும். ரூட் என்ன செய்தார் என்றால், ரயில் தண்டவாளத்தை நெடுக்கும் குறுக்குமாக அடுக்கிக் கான்கிரீட்டில் பதித்தார். பாயை விரித்து அதன் மேல் உட்கார்ந்த மாதிரி. எடை பரவிவிடும், களிமண் தாங்கும்.

இரண்டாவது மொனாட்நாக், ஜாக்சன் தெருவும் டியர்பார்ன் தெருவும் சேருகிற இடம். ஒரே ஒரு கட்டிடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் காட்டுங்கள் என்பேன். வடக்குப் பாதி 1891-ல் முடிந்தது, 16 மாடி, வெளிச்சுவர் முழுக்க எடையைத் தாங்குகிற செங்கல் சுவர். மேலே போகப்போக எடை கீழே கூடும் இல்லையா, அதனால் தரைத்தளத்தில் சுவர் 6 அடி தடிப்பு. தெற்குப் பாதியை இரண்டே வருஷம் கழித்து, 1893-ல், எஃகுச் சட்டகத்தில் வேறு நிறுவனம் கட்டியது. வடக்கே நின்று ஜன்னலைப் பாருங்கள், அப்புறம் நாற்பது அடி நடந்து தெற்கே வந்து ஜன்னலைப் பாருங்கள். செங்கல்லின் காலம் முடிந்து எஃகின் காலம் ஆரம்பித்த கோடு அதே சுவரில் ஓடுகிறது. என் மாமனார் (அவரும் கட்டிட வேலை பார்த்தவர்) தரைத்தள ஜன்னல் ஓரத்தில் கையை உள்ளே நீட்டி, தோள் வரை போயும் கண்ணாடி எட்டவில்லை என்று சிரித்தார். பத்து நிமிஷம் அங்கேயே நின்றோம்.

இன்னொன்று. இது இறங்கும் என்று தெரிந்தே 8 அங்குலம் கூடுதலாக வைத்துக் கட்டினார்கள். ஆனால் இறங்கியது 20 அங்குலம். அதனால்தான் சில இடத்தில் தெருவிலிருந்து ஒரு படி கீழே இறங்கி உள்ளே போக வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு அந்தப் படியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அங்கிருந்து டியர்பார்னில் வடக்கே வந்தால் கால்டரின் சிவப்பு ஃபிளமிங்கோ சிற்பம் (53 அடி, ஒளிந்துகொள்ள முடியாது), எதிரிலேயே மார்க்கெட் (Marquette, சந்தை இல்லை) கட்டிடம், 1895, லாபியில் மொசைக் படங்கள். எட்டிப் பார்த்துவிட்டு ஆடம்ஸ் தெருவில் நேராகக் கிழக்கே நடந்தால் மிச்சிகன் அவென்யூ, இரண்டு சிங்கம் நிற்கும், அதுதான் ஆர்ட் இன்ஸ்டிடியூட். விவேகானந்தர் 1893 செப்டம்பர் 11-ஆம் தேதி பேசியது அந்தக் கட்டிடத்தில். எதிரே அந்தத் தெருவுக்கே 'சுவாமி விவேகானந்தா வே' என்று கௌரவப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள், பழுப்பு நிறம், அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். பொதுவான கட்டிட டூர்களில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக நாலு பிளாக் வடக்கே, கல்ச்சுரல் சென்டர். இலவசம். 1897-ல் பொது நூலகமாகக் கட்டியது. மேலே டிஃபனி கண்ணாடிக் குவிமாடம், 38 அடி விட்டம். இதில் ஒரு வேடிக்கை: தீ விபத்துக்கு அப்புறம் இங்கிலாந்திலிருந்து சுமார் 8000 புத்தகம் நன்கொடையாக வந்தது, வைக்க இடமில்லை. 1873-ல் நூலகத்தைத் திறந்தது எங்கே தெரியுமா, ஒரு பழைய இரும்புத் தண்ணீர்த் தொட்டிக்குள். அந்தத் தொட்டி நின்ற இடத்தில்தான் பின்னால் ரூக்கரியைக் கட்டினார்கள். ஆக நீங்கள் ஆரம்பித்த இடத்தின் கதை நடை முடிகிற இடத்தில் வந்து சேரும்.

யூனியன் ஸ்டேஷனில் இறங்கி இங்கே முடித்தால் மொத்தம் சுமார் ஒன்றரை மைல். வார நாளில் போங்கள். ரூக்கரி, மார்க்கெட் எல்லாம் அலுவலகக் கட்டிடங்கள், சனி ஞாயிறு கதவு பூட்டியிருந்தால் வெளியே நின்று சுவரைத்தான் பார்க்கணும்.

காற்றடிநகரான்

மஞ்சப்பை அண்ணாச்சி, அந்தப் பசுவை விட்டுவிடுங்கள், பாவம். அது கட்டிவிட்ட கதை. எழுதிய நிருபர் ஒருவரே 1893-ல் நாங்கள் ஜோடித்தது என்று ஒப்புக்கொண்டார். பசுவின் சொந்தக்காரி கேத்தரின் ஓலியரி ஐரிஷ் ஏழைப் பெண், பழி போட வசதி. அவரும் பசுவும் குற்றமற்றவர்கள் என்று 1997-ல் நகர சபையே தீர்மானம் போட்டது. 126 வருஷம் கழித்து! தீ அவர் கொட்டகைப் பக்கம்தான் ஆரம்பித்தது, அதில் சந்தேகமில்லை, ஆனால் எப்படி என்று யாருக்கும் தெரியாது. மரக் கட்டிடம், மர நடைபாதை, மழையில்லாத கோடை, பலத்த காற்று, இவ்வளவு இருந்தால் மாடு எதற்கு? சுமார் 300 பேர் செத்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடு இழந்தார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம், வழிகாட்டிகள் சொல்வதில் பாதி இந்த ரகம் என்பதால். ஆறாம்மாடி எழுதியதை அப்படியே அச்சடித்து அப்பா கையில் கொடுத்தால் போதும், எதற்கு வழிகாட்டி? நான் என் பெற்றோரை அப்படித்தான் கூட்டிப் போனேன். முந்தின நாள் ராத்திரி ஒரு பக்கம் தமிழில் எழுதி அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். படித்துக்கொண்டு வந்தார். மறுநாள் அவர்தான் எனக்கு வழிகாட்டி. நின்ற இடத்தில் நின்றோம், யாரும் அவசரப்படுத்தவில்லை. இங்கிலீஷ் உச்சரிப்புத் தொல்லையும் இல்லை.

வீட்டு எண் கணக்கை மட்டும் சொல்லிக் கொடுங்கள், ஓவர்சியருக்குப் பிடிக்கும். ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டுகிற முனைதான் பூஜ்யம், 1909-ல் கொண்டுவந்த முறை. அங்கிருந்து நாலு திசைக்கும் எண் ஏறும், பொதுவாக 800-க்கு ஒரு மைல் (தெற்கே முதல் மூன்று மைலில் மட்டும் கணக்கு மாறும்). விலாசத்தைப் பார்த்தாலே எவ்வளவு நடக்கணும் என்று தெரிந்துவிடும். மொனாட்நாக் 53 வெஸ்ட் ஜாக்சன் என்றால் ஸ்டேட் தெருவிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். தொலைந்து போனாலும் அப்பாவே வந்துவிடுவார்.

விவேகானந்தர் பற்றி ஒரு சின்னத் திருத்தம், அல்லது கூடுதல் தகவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேசிய கொலம்பஸ் அரங்கம் தற்காலிகமாக எழுப்பியது, இன்றைக்கு இல்லை. அந்தப் பகுதியில் 1898-ல் வந்ததுதான் ஃபுல்லர்ட்டன் ஹால். அதனால் 'இதே மேடையில்தான்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டிடம் அதே கட்டிடம்தான். திருவல்லிக்கேணி அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டி அனுப்பிவைத்தாரே, ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி ஊக்கம் கொடுத்தாரே, அந்தக் கதையை எந்த அமெரிக்க வழிகாட்டியும் சொல்லப்போவதில்லை. அதைச் சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்று நாமேதான் சொல்லணும்.

பனிக்குல்லா

எல்லோரும் கட்டிடத்தையே பேசுகிறீர்கள், அம்மாவைப் பற்றி யாரும் எழுதவில்லையே. என் மாமியாரைக் கூட்டிப் போன அனுபவம் சொல்கிறேன் தோழி.

முதலில் பாத்ரூம். டவுன்டவுனில் இது பெரிய பாடு, கடைகளில் வாங்கினால்தான் விடுவார்கள். ரயிலை விட்டு இறங்கியதும் யூனியன் ஸ்டேஷனிலேயே முடித்துக்கொள்ளுங்கள், அடுத்தது நிச்சயமாகக் கிடைப்பது கல்ச்சுரல் சென்டரில். நடுவில் ரொம்ப நேரம் ஆகும் என்றால் வழிகாட்டியிடம் கூச்சப்படாமல் முதலிலேயே கேட்டு வையுங்கள். மாமியார் கேட்க வெட்கப்பட்டுக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்தார், மத்தியானம் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார்.

உட்காருவது: யூனியன் ஸ்டேஷன் பெரிய கூடத்தில் மர பெஞ்சு இருக்கிறது, அதுவே பார்க்க வேண்டிய இடம்தான், 1925-ல் திறந்தது. மேலே நீளமான கண்ணாடிக் கூரை. இறங்கின உடனே ஓடாமல் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ரூக்கரி, மொனாட்நாக் பக்கம் உட்கார இடம் தேடணும், ஃபிளமிங்கோ இருக்கிற சதுக்கத்தில் திண்டு மாதிரி ஏதாவது கிடைக்கும், ஆனால் கையோடு மடக்கு ஸ்டூல் ஒன்று வைத்துக்கொள்வது உத்தமம். கல்ச்சுரல் சென்டரில் நாற்காலி உண்டு, லிஃப்ட்டும் உண்டு. சலவைக்கல் படிக்கட்டு அழகுதான், அம்மா ஏற வேண்டாம், மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் போதும்.

காரில் போகாதீர்கள். பார்க்கிங்குக்குக் கொடுக்கிற காசில் குடும்பமே ரயிலில் போய் வரலாம். நேப்பர்வில்லிலிருந்து மெட்ரா புறநகர் ரயில் நேராக யூனியன் ஸ்டேஷனுக்கே வருகிறது. ஆபீஸ் கூட்டம் முடிந்த பிறகு வருகிற ரயிலைப் பிடியுங்கள். மழை வந்தால் பயப்பட வேண்டாம், கல்ச்சுரல் சென்டரிலிருந்து மேசிஸ் வரை தரைக்கு அடியில் பெட்வே சுரங்கப்பாதை இருக்கிறது. மேசிஸ் என்றால் பழைய மார்ஷல் ஃபீல்ட் கடை, உள்ளே டிஃபனி மொசைக் கூரை, வெளியே முனையில் பெரிய பச்சைக் கடிகாரம். மாமியாருக்கு அந்த நாள் முழுக்கப் பிடித்தது அந்தக் கடிகாரம்தான்.

வழிகாட்டி வேண்டாம் என்கிற காற்றடிநகரானோடு எனக்கு உடன்பாடில்லை. மகள் மொழிபெயர்த்துக்கொண்டே, வழியும் பார்த்துக்கொண்டே, அம்மா கையையும் பிடித்துக்கொண்டே நடந்தால் அவள் எதைப் பார்ப்பாள்? வழி காட்ட ஒரு ஆள் இருந்தால் நீங்கள் மகளாக வரலாம்.

வெயில்தேடி

எல்லோருக்கும் நன்றி. ஆறாம்மாடி சார் எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தண்டவாள அஸ்திவாரத்தில் நிறுத்தி இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அவர் கேட்கிற கேள்வி: "களிமண்ணுன்னா நாம கிணறு இறக்குவோமே, இவங்க ஏன் இறக்கலை?" (பாலத்துக்கு அஸ்திவாரமாக மண்ணுக்குள் இறக்குகிற கிணற்றைச் சொல்கிறார்.) இதற்கு என்ன பதில் சொல்வது? கிரீட்டரில் பதிவு செய்துவிட்டேன், முழங்கால் முதல் அஸ்திவாரம் வரை எல்லாம் எழுதிவிட்டேன்.

ஆறாம்மாடி

அப்பாவிடம் சொல்லுங்கள், இறக்கினார்கள், கொஞ்சம் தாமதமாக. பாய் மாதிரி விரித்தது எல்லாம் இறங்க ஆரம்பித்ததும் புத்தி வந்தது. ஆட்களை விட்டுக் கிணறு மாதிரித் தோண்டி, பக்கத்தில் மண் சரியாமல் பலகை அடித்து, கெட்டி மண் வரை போய்க் கான்கிரீட் நிரப்புவது. இந்த ஊரில் கேசன் என்பார்கள். பழைய ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் கட்டிடம், ஆட்லரும் சல்லிவனும் கட்டியது, 1894-ல் முடிந்தது, அதன் மேற்குச் சுவருக்குத்தான் இங்கே முதன்முதலாகப் போட்டார்கள். பக்கத்துக் கட்டிடத்தில் பத்திரிகை அச்சு இயந்திரங்கள் இருந்தன, தூண் அடித்து இறக்கினால் அதிர்ச்சியில் அவை பாதிக்கும் என்பதால்.

அந்தக் கட்டிடம் இப்போது இல்லை, 1972-ல் இடித்துவிட்டார்கள். இடிக்கும்போது உள்ளே போய் அலங்கார வேலைப்பாடுகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ரிச்சர்ட் நிக்கல் என்ற புகைப்படக்காரர் இடிபாட்டில் சிக்கி இறந்துபோனார். அதன் வாசல் வளைவை மட்டும் ஆர்ட் இன்ஸ்டிடியூட்டுக்குப் பின்னால், மன்ரோ தெருவும் கொலம்பஸ் டிரைவும் சேரும் இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கட்டிடம் இல்லாமல் வாசல் மட்டும் நிற்கும். கால் வலி இல்லையென்றால் போய்ப் பாருங்கள், இருந்தால் விட்டுவிடுங்கள்.

வெயில்தேடி (போய் வந்த பிறகு)

போய் வந்துவிட்டோம், வியாழக்கிழமை. சொன்னபடி எழுதுகிறேன்.

வந்த வழிகாட்டி வெள்ளை முடி அம்மையார், அம்மாவைவிடப் பெரியவராக இருப்பார், எங்களைவிட வேகமாக நடப்பார். ஆனால் முதல் தெரு முனையிலேயே அம்மாவைப் பார்த்துவிட்டு நடையைக் குறைத்துக்கொண்டார், அதற்கப்புறம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஐந்து இடம் என்று திட்டம், நாலுதான் முடிந்தது, மார்க்கெட் கட்டிடத்துக்குள் போகவில்லை. காரணம் மொனாட்நாக்.

அப்பா சுவரைப் பார்த்தார், ஜன்னலுக்குள் கையை விட்டார், செங்கல் இணைப்பில் நகத்தால் கீறிப் பார்த்தார் (நான் தடுப்பதற்குள்). அப்புறம் தண்டவாளத்தை எத்தனை வரிசை போட்டார்கள், சுவரைத் தாண்டி எவ்வளவு வெளியே நீளுகிறது என்று கேட்கச் சொன்னார். நான் தட்டுத்தடுமாறி மொழிபெயர்ப்பதைப் பார்த்து அந்த அம்மையார் பையிலிருந்து ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு வரைந்து காட்டினார், அது தெருவுக்கு அடியில் வரை போகிறதாம். அப்பா பேனாவை வாங்கி அதற்குப் பக்கத்திலேயே நம் ஊரில் பாலத்துக்குக் கிணறு இறக்குவதை வரைந்தார், அடியில் வெட்டும் விளிம்பு, நடுவில் மண்ணை அள்ள அள்ளக் கிணறு தன் எடையிலேயே இறங்குவது, எல்லாம். இருவரும் அரை மணி நேரம் அந்தக் காகிதத்திலேயே பேசிக்கொண்டார்கள். இடையில் நான் சொன்ன இங்கிலீஷ் இரண்டு வார்த்தை இருக்கும். அம்மா மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து (பனிக்குல்லா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்) வருகிற போகிறவர்களின் செருப்பை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாபாஷ் தெருவைத் தாண்டும்போது தலைக்கு மேல் ரயில் போனது. அந்த அம்மையார் வாக்கியத்தின் பாதியில் நிறுத்தி, ரயில் போன பிறகு விட்ட வார்த்தையிலிருந்து பிடித்தார், பழக்கம் போல. இந்தப் பாதை 1897-லிருந்து இப்படி ஊரை வளைத்துக்கொண்டு ஓடுகிறதாம்.

விவேகானந்தர் பலகையை அவருக்கு நாங்கள்தான் காட்டினோம். இத்தனை வருஷம் அதன் கீழே நடந்தும் யார் என்று யோசித்ததில்லை என்றார். அப்பா அளசிங்கப் பெருமாள் கதையைச் சொல்ல, நான் மொழிபெயர்க்க, அவர் குறித்துக்கொண்டார். காற்றடிநகரான், இனிமேல் ஒரு அமெரிக்க வழிகாட்டியாவது சொல்வார். அம்மா எடுத்த போட்டோவில் சிங்கம் முழுசாக இருக்கிறது, அப்பா பாதி இருக்கிறார், பலகை இல்லை.

கல்ச்சுரல் சென்டர் குவிமாடத்துக்கு அடியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அம்மா ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு கண்ணாடியையும் யாரு தொடைக்கிறாங்க?" என்று கேட்டார். அதைத்தான் நான் வழிகாட்டியிடம் கேட்டிருக்க வேண்டும், அதற்குள் அவர் விடைபெற்றுப் போய்விட்டார். காகிதத்தைக் கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் வாங்கிக்கொண்டு போனார், எங்களிடம் அதன் போட்டோதான் இருக்கிறது.

ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் வளைவு பார்க்கவில்லை. மஞ்சப்பை, படகுக்கு இந்தச் சனிக்கிழமை டிக்கெட் போட்டாயிற்று. அப்பாவுக்குப் பாலங்களை அடியிலிருந்து பார்க்கணுமாம்.